இச்சிநோதானி வாயிலில் பதினாறு வயது: குமகாய் நவோயே குறித்த நிகழ்வு ஆய்வு

ஜப்பானில் மினாமோட்டோ, தைரா என்ற இரு குலங்கள் போரிட்ட காலம். கமகுரா அரசின் நாளாகமமான ‘அசுமா ககாமி’யில், 1184ஆம் ஆண்டு 2ஆம் மாதம் 7ஆம் நாள் பதிவுக்கு நடுவே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. விடியும் முயல் நாழிகையில், அதாவது காலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில், முசாஷி நாட்டு குமகாய் ஜிரோ நவோஸானேவும் ஹிராயமா சுயேஷிகேவும் கடற்கரைப் பாதை வழியாக ரகசியமாகச் சுற்றிவந்து, இச்சிநோதானி அரணின் வாயிலில் ‘மினாமோட்டோ படையின் முதல் ஆள் நாங்களே’ என்று உரக்கப் பெயர் சொன்னார்கள். தைரா தரப்பிலிருந்து 23 குதிரை வீரர்கள் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். நவோஸானேவின் மகன் குமகாய் கோஜிரோ நவோயே காயம்பட்டான். சுயேஷிகேயின் ஆள் ஒருவன் இறந்தான்.

காயம்பட்ட கோஜிரோவுக்கு அப்போது 16 நடப்பு. பிறந்த அன்றே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று என்று கூட்டும் கணக்கு அது. இன்றைய கணக்கில் பதினைந்தோ, அதற்கும் குறைவோ. அவனுடைய தலைவன், மினாமோட்டோ தளபதி யோஷிட்சுனேயிடம் ஆயிரக்கணக்கில் படை இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு அப்பா, மகன், கொடி பிடிப்பவன் என்று மூன்றே குதிரைகள் இருட்டில் எதிரியின் வாயிலுக்கு ஏன் போயின? வீரம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டால் இந்த நிகழ்வில் ஒன்றும் புரியாது. காரணம் போர்க்களத்துக்கு வெகு தொலைவில், ஒரு வயல் எல்லையில் தொடங்குகிறது.

நிலம்

குமகாய் என்பது இன்றைய சைதாமா மாநிலத்தில் உள்ள குமகாயா நகரப் பகுதி. நவோஸானே 1141இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, குகே நவோமிட்சு என்பவரின் ஆதரவில் வளர்ந்தார். நவோமிட்சு அவருடைய தாயின் உடன்பிறந்தாளுக்குக் கணவர்; நம் முறையில் சித்தப்பாவோ பெரியப்பாவோ. குகே நிலமும் குமகாய் நிலமும் அடுத்தடுத்தவை. அந்த அக்கம்பக்கமே வினையானது.

நாட்டுப்புற வீரர்கள் முறை வைத்துக் கியோட்டோவில் காவல் பணி செய்ய வேண்டும். நவோமிட்சுவுக்குப் பதிலாக அந்தப் பணிக்குப் போனவர் நவோஸானே. சக முசாஷி வீரர்கள் அவரைத் தங்களுக்குச் சமமாக நடத்தவில்லை. யாரோ ஒருவருக்குப் பதிலாள்தானே! அந்த அவமானம் தாங்காமல் தைரா குலத்துத் தோமோமோரியிடம் நேரடியாகச் சேவகத்தில் சேர்ந்துவிட்டார். தன் ஆள் தன்னைக் கேட்காமல் வேறு தலைவனிடம் போனதில் நவோமிட்சுவுக்குக் கோபம். அன்றிலிருந்து எல்லைத் தகராறு.

1180இல் மினாமோட்டோ குலத்தின் தலைவரும் பிறகு கமகுராவில் அரசு அமைத்தவருமான யோரிதோமோ தைராக்களை எதிர்த்து எழுந்தபோது, இஷிபாஷியமா போரில் நவோஸானே தைரா பக்கமே நின்றார். பிறகு யோரிதோமோவிடம் வந்து சேர்ந்தார். அதே ஆண்டின் இறுதியில் ஹிட்டாச்சி நாட்டு சதாகே குலத்தின் மீது படையெடுத்தபோது, எங்கும் முன்னால் பாய்ந்து பல தலைகளைக் கொய்தவர்கள் என்று இருவரை நாளாகமம் தனியாகப் பெயர் சொல்கிறது. ஒருவர் நவோஸானே, இன்னொருவர் ஹிராயமா சுயேஷிகே. நான்கு ஆண்டு கழித்து இச்சிநோதானி வாயிலில் மோதிக்கொள்ளும் அதே இருவர். 1182இல் அந்தச் சேவைக்குப் பரிசாக, நவோமிட்சுவின் ஆக்கிரமிப்பை நிறுத்தி, குமகாய் ஊரின் நில உரிமையை யோரிதோமோ நவோஸானேவுக்கு உறுதி செய்தார்.

யோரிதோமோ அவருக்குப் புது நிலம் எதுவும் தரவில்லை. பரம்பரை நிலத்தைத்தான் திருப்பிக் கொடுத்தார். அதைப் பெறவே சதாகே மலைக்கோட்டையில் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. எல்லை அப்போதும் தீரவில்லை. அடுத்த வீட்டுக்காரரோ செல்வாக்கு உள்ளவர். இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் போர் என்றால் இன்னொரு சாட்சியத்தைச் சேர்த்து வைக்கும் வாய்ப்பு. பெரிய நிலக்கிழார்கள் பின்னால் நின்று, தங்கள் ஆட்களை அனுப்பி, அந்த ஆட்கள் செய்த வீரத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார்கள். இந்தப் போரைப் பாடும் ‘ஹெய்கே மொனோகதாரி’யில், கிழக்கு வாயிலான இக்குதாவில் காவாரா தாரோ என்ற சிறு வீரர் தன் தம்பியிடம் சொல்வது இதுதான்: பெரிய தலைவர்கள் கையை அசைக்காவிட்டாலும் ஆட்களின் புகழ் அவர்களைச் சேரும், நம்மைப் போன்றவர்கள் நாமே இறங்கினால்தான் உண்டு. சொல்லிவிட்டு அண்ணனும் தம்பியும் அரணைத் தாண்டி உள்ளே போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

இரவு

தைராக்கள் முந்தைய ஆண்டே குழந்தைப் பேரரசர் அன்தோகுவுடன் கியோட்டோவை விட்டு மேற்கே போனவர்கள். இப்போது இன்றைய கோபே நகரக் கரைக்குத் திரும்பி, வடக்கே செங்குத்து மலை, தெற்கே கடல் என்றிருந்த குறுகலான கீற்றில் அரண் அமைத்திருந்தார்கள். கிழக்கு வாயில் இக்குதா, மேற்கு வாயில் இச்சிநோதானி. கிழக்கே யோரிதோமோவின் தம்பி நோரியோரி தாக்குவது, மேற்கே இன்னொரு தம்பி யோஷிட்சுனே சுற்றிவருவது என்பது மினாமோட்டோ திட்டம். படை எண்ணிக்கையை 56,000 என்றும் 20,000 என்றும் நாளாகமம் தருவதை அப்படியே நம்பக் கூடாது. அதே நாட்களில் கியோட்டோவில் எழுதப்பட்ட அரசவைப் பிரபு கானேஸானேயின் நாட்குறிப்பு, மினாமோட்டோ தரப்பைச் சில ஆயிரம் என்ற அளவில்தான் காட்டுகிறது.

6ஆம் நாள் இரவு நவோஸானே யோஷிட்சுனேயுடன் மலைப் பக்கம் இருந்தார். அவர் போட்ட கணக்கை ‘ஹெய்கே’ சொல்கிறது: சரிவில் எல்லோரும் ஒன்றாக இறங்கும் இடத்தில் ‘முதல் ஆள்’ என்று யாரும் இருக்க முடியாது. கடற்கரை வாயில் அப்படியல்ல. அங்கே ஒரு கதவு உண்டு, கதவுக்கு முதலில் வந்தவன் என்று ஒருவனைச் சுட்டிச் சொல்ல முடியும். சுயேஷிகேவுக்கும் இதே எண்ணம் இருக்கும் என்று சந்தேகப்பட்டு, வேலையாள் ஒருவனை அவர் பாசறைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அங்கே சுயேஷிகேயின் ஆள் குதிரைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். ‘சனியன், எவ்வளவு நேரம் தின்கிறது’ என்று அடித்தான். ‘அடிக்காதே, அந்தக் குதிரைக்கு இந்த இரவோடு சரி’ என்று சுயேஷிகேயின் குரல் வந்தது. வேவு பார்த்தவன் ஓடிவந்து சொல்ல, அப்பாவும் மகனும் உடனே கிளம்பினார்கள்.

தாய்நோஹாதா என்ற பழைய பாதை வழியே கரைக்கு இறங்கினார்கள். ஷியோயாவில் தங்கள் தரப்புப் படைத்தலைவர் தோய் ஸானேஹிராவே விடியலுக்காகக் காத்திருந்தார். அவர் கண்ணில் பட்டால் தடுப்பார். அலை நனைக்கும் மணல் ஓரமாக, இருட்டோடு இருட்டாக அவரைக் கடந்து போனார்கள். எதிரிக்கு மறைந்ததைவிடத் தன் படைக்குத்தான் அன்றிரவு அதிகம் மறைந்தார்கள்.

என்ன உடுத்தியிருந்தார்கள், ஏன் அது முக்கியம்

‘ஹெய்கே’ இந்த மூவரின் உடையையும் குதிரையையும் தனித்தனியாக விவரிக்கிறது. அப்பா: கருநீல உள்ளாடை, செந்தோல் கட்டிய கவசம், முதுகில் சிவப்புத் துணிப்பை, ‘கொந்தா குரிகே’ என்ற செம்பழுப்புக் குதிரை. மகன்: அம்புமுனை போன்ற இலையுள்ள நீர்ச்செடி அச்சிட்ட உள்ளாடை, கயிறு முறுக்கியது போல் சாய்கோடுகளாக வண்ணம் மாறும் கட்டுநூல் கவசம், ‘செய்ரோ’ என்ற வெளிர் குதிரை. கொடிக்காரன்: பசுமஞ்சள் உள்ளாடை, மஞ்சளாக்கிய சிறு செர்ரிப்பூக் கோலமிட்ட தோல் கவசம்.

இதைப் பாடகரின் அலங்காரம் என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அது தவறு. தலைக்கவசம் போட்ட முகம் அடையாளம் தெரியாது. பின்னாளில் விசாரணை வந்தால் சாட்சி சொல்பவர் ‘இன்ன நிறக் கவசம், இன்ன நிறக் குதிரை’ என்றுதான் சொல்ல முடியும். ஒரு முழுக் குதிரையையும் ஆளையும் கொடிக்கென்றே ஒதுக்குவதும் இதற்காகத்தான். மூன்றே பேர் போகும்போது அதில் ஒருவன் சண்டையிடாமல் கொடி பிடிப்பது வீண் போலத் தெரியும். கொடி இல்லாவிட்டால் மற்ற இருவர் செய்ததற்குப் பெயர் இருக்காது.

அந்தக் காலத்து ‘ஓயோரோய்’ கவசம் தலைக்கவசத்தோடு சேர்த்துச் சுமார் 25 முதல் 30 கிலோ. இரும்பும் பதப்படுத்தாத தோலுமான சின்னச் சின்னத் தகடுகளை அரக்குப் பூசி, வரிசை வரிசையாக நூலாலும் தோல்வாராலும் கட்டித் தொங்கவிட்டது. இடுப்புக்குக் கீழே நான்கு மடல்கள். குதிரை மேல் உட்காரும்போது பாரத்தில் பெரும்பகுதியைச் சேணம் தாங்கும். தரையில் இறங்கினால் அத்தனையும் தோளில். வில் இரண்டே கால் மீட்டர் நீளம், பிடி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும். அம்பறாத்தூணியில் வழக்கமாக 24 அம்புகள். குதிரை தோள் உயரத்தில் 130 செ.மீ. சுற்றளவுதான், கமகுராவின் ஸைமோகுஸா கடற்கரையில் தோண்டியெடுத்த குதிரை எலும்புகள் காட்டும் அளவு இது. இரும்பு லாடம் கிடையாது. கவசமணிந்த ஆளைச் சுமந்துகொண்டு இந்தக் குதிரை நெடுந்தூரம் பாய்ந்து ஓடாது.

வில்லை இடது கையில் பிடிப்பதால் சவாரியாளர் இடப்பக்கம்தான் எய்ய முடியும். வலப்பக்கம் குருட்டுப் பக்கம். கவசத்தைத் துளைக்க வேண்டுமானால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நெருங்க வேண்டும். அதனால் இரு குதிரை வீரர்களின் சண்டை என்பது, எதிரியைத் தன் இடப்பக்கம் கொண்டுவந்து, தான் அவனுடைய வலப்பக்கம் போய்ச்சேரும் போட்டி.

வாயிலில்

கதவருகே வந்ததும் நவோஸானே இருட்டில் உரக்கப் பெயர் சொன்னார்: முசாஷி நாட்டு நவோஸானே, மகன் கோஜிரோ நவோயே, இச்சிநோதானியின் முன்னணி. உள்ளேயிருந்து பதில் இல்லை. குதிரைகள் களைக்கட்டும், அம்பு தீரட்டும் என்று தைராக்கள் சும்மா இருந்தார்கள். புத்திசாலித்தனமான முடிவு.

நவோஸானேவின் முதல் பிழை இங்கே தெரிகிறது. ரகசியமாக வந்துவிட்டார், அதனால் தன் தரப்பில் பார்த்தவன், கேட்டவன் ஒருவனும் இல்லை. முதல் கூவல் எந்தக் கணக்கிலும் ஏறாத கூவல். செத்திருந்தால் மூன்று பிணங்கள் கரையில் கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குதிரை வந்தது. சுயேஷிகே. தாமதமானதற்குக் காரணம் சொன்னார்: நாரிதா கோரோ என்பவன் வழியில், ‘தனியாக முந்தாதே, பின்னால் நம் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் நல்லது கெட்டது தெரியும், ஒற்றையாய் உள்ளே போய்ச் செத்தால் என்ன பயன்’ என்று பேசி நிறுத்திவைத்துவிட்டு, தானே முந்தப் பார்த்திருக்கிறான். சுயேஷிகேயின் குதிரை வலுவானது, நாரிதாவைத் தாண்டி வந்துவிட்டார். நாரிதா செய்தது தந்திரம். ஆனால் அவன் சொன்ன அறிவுரையில் ஒரு சொல் பொய்யில்லை.

வானம் வெளுக்கத் தொடங்கியதும் நவோஸானே மறுபடி பெயர் சொன்னார். ஒருமுறை சொன்னதை ஏன் மறுபடி சொல்ல வேண்டும்? சுயேஷிகே காதில் விழட்டும் என்றுதான். முந்த வந்த போட்டியாளனே இப்போது கிடைத்த ஒரே சாட்சி. நான் இங்கே முன்பே இருந்தேன் என்பதை, மறுப்பதில் எல்லோரையும்விட ஆர்வமுள்ள ஒருவன் கேட்டுவிட்டான் என்றால், அதைவிட உறுதியான சாட்சியம் வேறில்லை.

கதவு திறந்தது. எட்சூ ஜிரோபியோயே மோரிட்சுகி, அகுஷிச்சிபியோயே ககேகியோ போன்ற பெயர்பெற்ற வீரர்கள் உள்ளிட்ட 23 பேர் வெளியே வந்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் நான்கைந்து பேர் நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ‘ஹெய்கே’ தரும் காரணம் குதிரை. தைராக் குதிரைகளுக்குத் தீனி குறைவு, வேலை அதிகம். நெடுநாள் படகில் நின்றே கிடந்து எலும்பும் தோலுமாக இருந்தன. குமகாய், ஹிராயமா குதிரைகள் கொழுகொழுவென வளர்த்தவை. ஒரு மோது மோதினால் தைராக் குதிரை சாயும். அதனால் அவர்கள் நெருங்கிக் கட்டிப்பிடிக்க வராமல், தள்ளி நின்று அம்புவிட்டார்கள். முந்தைய இரவு சுயேஷிகேயின் ஆள் எரிச்சல்பட்ட ‘எவ்வளவு நேரம் தின்கிறது’ என்ற தீனிதான் காலையில் உயிரைக் காத்தது.

காயம்

நவோஸானேவின் குதிரை வயிற்றில் அம்பு பாய்ந்து துள்ளியது. அவர் காலைத் தூக்கி இறங்கிவிட்டார். கோஜிரோ கதவருகே வில்லும் கையுமாகப் பொருதும்போது இடது கையில் அம்பு தைத்தது. அவனும் குதித்து, அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

‘கோஜிரோ, அடிபட்டுவிட்டதா?’

‘ஆமாம்.’

‘கவசத்தை எப்போதும் உலுக்கிக்கொண்டே இரு, அம்பு உள்ளே ஏறவிடாதே. கழுத்துக் காப்பைச் சாய்த்து வை, முகத்துக்குள் அடிபடாதே.’

அடிபட்ட மகனுக்கு அப்பா சொல்வது இவ்வளவுதான். பாசமில்லாத பேச்சு என்று தோன்றலாம். கவசத்தைத் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பாசமான பேச்சு இருக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், காயம் ஏன் இடது கையில்? வில்லைப் பிடித்து நீட்டும் கை அது. எதிரியை நோக்கி முதலில் நிற்பதும் அதுவே. தோளில் தொங்கும் பெரிய காப்புப் பலகை, கை நீட்டும்போது பின்னால் சரியும். புயமும் அக்குளும் வெளியே தெரியும். கைக்கு உண்டான காப்பு, துணியின் மேல் சில தகடுகள் தைத்தது மட்டும். அந்தக் காலத்தில் இடது கைக்கு மட்டும் அதை அணிவது வழக்கம். உடையின் கைப்பகுதி நாணில் சிக்காமல் இருக்கவும் அதுவே உதவியது. எய்யும் நொடியும் எய்யப்படக்கூடிய நொடியும் ஒன்றுதான். பையன் தவறு செய்ததால் வந்த காயம் இல்லை, எய்ததால் வந்த காயம்.

கவசத்தை உலுக்குவது: தகடுகள் நூலில் தொங்குபவை. குதிரையில் ஆடி, குதித்து இறங்கியபின் வரிசைகள் கீழே இழுபட்டு இடைவெளி விழும். தோளைக் குலுக்கி உடம்பை எக்கினால் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளி மூடும். அம்பு தகட்டில் தைத்து நிற்கலாம், பரவாயில்லை. உள்பக்கம் எட்டக் கூடாது. அன்று நவோஸானே கவசத்தில் தைத்து நின்ற அம்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அரணை முறைத்து மறுபடி சவால் விட்டார்.

கழுத்துக் காப்பைச் சாய்ப்பது: தலைக்கவசத்துக்கு முன்பக்கம் முகம் திறந்திருக்கும். தலையைக் குனிந்தால் விளிம்பும் பக்கத்துக் காப்பும் இறங்கி முகத்தை மறைக்கும். ஆனால் இதற்கும் அளவு உண்டு. தலைக்கவசத்தின் உச்சியில் ஒரு துளை. உள்ளே அணிந்த தொப்பியின் நுனி, குடுமியோடு அதன் வழியே வெளிவரும். அதிகம் குனிந்தால் அந்த உச்சித் துளை எதிரிக்குத் தெரியும். 1180இல் உஜி ஆற்றைக் குதிரைகளோடு கடந்தபோது அஷிகாகா தாதாட்சுனா தன் ஆட்களுக்குச் சொன்னது: கழுத்துக் காப்பைச் சாய்த்து வையுங்கள், மிகவும் சாய்த்து உச்சியில் அடிபடாதீர்கள், வலுவான குதிரைகள் நீரோட்டத்தின் மேல்பக்கம், பலவீனமானவை கீழ்ப்பக்கம். சொன்னவனுக்கு வயது 17. இப்படி நுணுக்கமாகப் பேசத் தெரிந்த பையன்கள் அந்தப் போரில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. பத்து வயதுக்கு முன்பே வில்லும் குதிரையும் பழகி, பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடையில் தலைமயிர் கட்டித் தொப்பியும் பெரியவர் பெயரும் பெற்றவர்கள்.

அடுத்து நடந்தது குமகாய்க்குக் கசப்பு. சுயேஷிகேயின் கொடிக்காரன் அம்பு பட்டு விழ, சுயேஷிகே கதவுக்குள் பாய்ந்து எய்தவனின் தலையோடு திரும்பினார். கதவுக்கு முதலில் வந்தவர் நவோஸானே, கதவுக்குள் முதலில் போனவர் சுயேஷிகே. யார் முதல்? ‘ஹெய்கே’ அதைத் தீர்க்காமலே விடுகிறது. நாளாகமமும் இருவர் பெயரையும் ஒரே வரியில் வைத்து ஒதுங்கிக்கொள்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் வீண் கவலை என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சுமார் பத்து நாள் முன்பு, யோரிதோமோவின் உறவினரும் போட்டியாளருமான கிஸோ யோஷினகா வீழ்ந்த செய்தியோடு படைத்தலைவர்களின் தூதர்கள் கமகுராவுக்கு வந்தபோது, யார் யாரைக் கொன்றார்கள் என்று யோரிதோமோ கேட்டார். எழுதிய பட்டியலைக் கையில் வைத்திருந்தவன் கஜிவாரா ககேடோகியின் தூதன் ஒருவன் மட்டுமே. யோரிதோமோ அதை மெச்சினார். பட்டியலில் ஏறாத வீரத்துக்கு நிலம் கிடையாது, பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் வலு. ககேடோகியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை

மலைச்சரிவிலிருந்து தாக்குதல் வந்து அரண் உடைந்தபின், தைராக்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள். ஜப்பானியர் எல்லோருக்கும் தெரிந்த காட்சி இங்கேதான் வருகிறது. கரையில் தனியே ஒரு சீமான் படகை நோக்கிக் குதிரையை நீந்தவிடுவதைக் கண்ட நவோஸானே விசிறியை ஆட்டித் திரும்ப அழைக்கிறார், கீழே தள்ளுகிறார், தலையை அறுக்கத் தலைக்கவசத்தைத் தூக்குகிறார். லேசாக ஒப்பனை செய்து, பல்லுக்குக் கருமை தீட்டிய பையன். தைரா அட்சுமோரி, வயது 17. சில பிரதிகளில் 16. காலையில் கோஜிரோவுக்குச் சின்னக் காயம் என்றதற்கே மனம் துடித்ததே, இவன் செத்தான் என்றால் இவன் அப்பா என்ன ஆவார் என்று நவோஸானே தயங்குகிறார். பின்னால் தோய், கஜிவாரா ஆட்கள் ஐம்பது பேர் வருகிறார்கள். விட்டாலும் பையன் பிழைக்கப் போவதில்லை. அழுதுகொண்டே வெட்டுகிறார். தலையைச் சுற்ற உடையைக் கழற்றும்போது இடுப்பில் பட்டுப்பையில் ஒரு புல்லாங்குழல். விடியலில் அரணுக்குள்ளிருந்து கேட்ட இசை இவர்களுடையதுதான் என்று அப்போது புரிகிறது.

இது இலக்கியத்தின் வாக்குமூலம். நாளாகமத்தில் கொல்லப்பட்டவர் பட்டியலில் அட்சுமோரி இருக்கிறான். கொன்றவர் நவோஸானே என்று இல்லை. நடக்கவில்லை என்று அதனால் சொல்லிவிட முடியாது. ஆனால் கோஜிரோவின் காயம் அரசுப் பதிவில் இருக்க, அட்சுமோரியின் கழுத்து அங்கே நவோஸானேவின் பெயரில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் இந்தக் காட்சியைப் படிக்க வேண்டும்.

அதே கரையில் இன்னொரு பதினாறு வயது. தோமோமோரியின் மகன் தோமோஅகிரா, தந்தையைப் பிடிக்க வந்தவனோடு கட்டிப்புரண்டு, அவனைக் கொன்று, தானும் கொல்லப்பட்டான். அந்த இடைவெளியில் தோமோமோரியின் குதிரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலில் நீந்திப் படகைச் சேர்ந்தது. இந்தத் தோமோமோரிதான், அவமானம் தாங்காமல் இளம் நவோஸானே ஒரு காலத்தில் சேவகத்துக்குப் போன எஜமான்.

அதன் பிறகு

காயம் ஆறியது. குடும்பத்தின் நிலை ஆறவில்லை. 1187இல் கமகுராவின் ட்சுருகவோகா கோவில் விழாவில், ஓடும் குதிரையிலிருந்து எய்பவர்களுக்கு இலக்குப் பலகை நாட்டும் பணியை நவோஸானேவுக்குக் கொடுத்தார்கள். எய்பவன் குதிரையில், நாட்டுபவன் தரையில். நாங்கள் எல்லோரும் சமமான சேவகர்கள்தானே, இது தாழ்வு என்று மறுத்தார். அது தாழ்ந்த பணி இல்லை என்று யோரிதோமோ விளக்கியும் கேட்கவில்லை. தண்டனையாக நிலத்தில் ஒரு பகுதி பறிபோனது. கியோட்டோவில் பதிலாளாக நின்று வாங்கிய அவமானத்தின் வடு அது என்றே எனக்குப் படுகிறது.

1189இல் வடக்கே ஓஷூ படையெடுப்பின் வழியில், ஷிமோட்சுகே நாட்டில் ஓயாமா மசாமிட்சு யோரிதோமோவுக்கு விருந்து வைத்தார். அருகில் நின்ற இளைஞன் யார் என்று கேட்டார். ‘நாட்டிலேயே இணையில்லாத வீரன், குமகாய் கோஜிரோ நவோயே’ என்றார் யோரிதோமோ. எதனால் இணையில்லாதவன்? இச்சிநோதானியிலும் பிற இடங்களிலும் அப்பாவும் மகனும் உயிரைக் கொடுக்கத் துணிந்து பலமுறை போரிட்டார்கள். மசாமிட்சு சிரித்துவிட்டார். தலைவனுக்காக உயிரைக் கொடுப்பது எல்லா வீரருக்கும் உள்ளதுதான், இவனுக்கு மட்டுமா? இவர்களுக்கு அனுப்ப ஆட்கள் இல்லை, அதனால் தாங்களே இறங்கிப் பெயர் வாங்குகிறார்கள். என்னைப் போன்றவன் ஆட்களை அனுப்பிச் சேவை செய்கிறேன். பிறகு தன் மகன்களைப் பார்த்து, இந்தமுறை நீங்களே இறங்கி அந்தப் பட்டத்தை வாங்குங்கள் என்றார்.

நவோயேவுக்கு அப்போது 21 நடப்பு. அவன் என்ன சொன்னான் என்று பதிவில் இல்லை. ஒரு பெரிய நிலக்கிழாரின் விருந்தில், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய பாராட்டும் அதன் உண்மையான விலையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் அவன் காதில் விழுந்தன. மசாமிட்சு சொன்னது கொடுமை. ஆனால் அன்றைய ஏற்பாட்டை அவரைப் போல் தெளிவாகச் சொன்னவர் வேறு யாருமில்லை.

1192இன் 11ஆம் மாதம், நவோமிட்சுவுடனான எல்லை வழக்கு யோரிதோமோ முன்னிலையில் வந்தது. போரில் ஆயிரம் பேருக்குச் சமமான நவோஸானேவுக்கு வாதாடத் தெரியவில்லை. கேள்விகள் எல்லாம் அவரிடமே வந்தன. ககேடோகி நவோமிட்சுவுக்கு வேண்டியவர், முன்கூட்டியே தலைவரிடம் பேசிவிட்டார், இனி இந்தப் பத்திரங்களால் பயனில்லை என்று சொல்லி, நவோஸானே அவற்றைச் சுருட்டி முற்றத்தில் வீசினார். வெளியே போய்த் தன் கத்தியாலேயே குடுமியை அறுத்துக்கொண்டு, தெற்கு வாயில் வழியாக ஓடினார், வீட்டுக்கும் போகவில்லை. இதுதான் நாளாகமம் சொல்லும் துறவு. அட்சுமோரியின் முகம் அதில் இல்லை, ஒரு வரப்பு இருக்கிறது. தேதியில் மட்டும் சிக்கல் உண்டு: குமகாய் குடும்ப ஆவணங்களில் 1191 தேதியிட்ட நிலப் பத்திரம் ஒன்றில் அவர் ஏற்கெனவே ரென்ஷோ என்ற துறவுப் பெயரில் இருக்கிறார். அதனால் துறவு வழக்குக்கு முந்தியது என்று கருத இடமிருக்கிறது. அவர் ஹோனென் துறவியின் சீடரானார். மேற்கே உள்ள புத்தரின் தூய நிலத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்று, கிழக்கே பயணம் போகும்போது குதிரையில் திரும்பி உட்கார்ந்து போனார் என்பார்கள்.

1221இல் கமகுராவுக்கும் முன்னாள் பேரரசர் கோதோபாவுக்கும் நடந்த ஜோக்யூ போரில், நவோயேயின் மகன் நவோகுனி சேதா பாலத்தருகே செத்தான். அதற்குப் பரிசாக அவன் மகன் நவோதோகிக்கு, மேற்கே அகி நாட்டில் மீரி என்ற பண்ணை நிலத்தின் உரிமை கிடைத்தது. முசாஷியின் தகராறு பிடித்த வயல்களைவிட்டுக் குடும்பத்தின் ஒரு கிளை அங்கே வேர்விட்டது. 1235இல் அரசு அந்த நிலத்தை அளந்து, வயல் வயலாகக் கணக்கெழுதி, மூன்றில் ஒரு பங்கை நவோதோகியின் தம்பிக்குப் பிரித்துக் கொடுத்தது. அண்ணனும் தம்பியும் அதன் பிறகும் எல்லைக்காக வழக்காடிக்கொண்டே இருந்தார்கள்.